மதுரைப் பக்கம் கோடையில் ஆர்க்கிடும் காட்டுப்பூவும் தேடுவது எப்படி

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரைக்காரர்கள் மலைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மலையே காய்ந்து கிடக்கிறது, அங்கே என்ன பூ இருக்கப்போகிறது என்ற எண்ணம். தரையைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. இங்கே நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தும்பையும் காந்தளும் செழிப்பது அதை ஒட்டித்தான். ஆனால் மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிடுகளைத் தேடக் கோடையைவிடத் தோதான காலம் கிடையாது. நம் பக்கத்துக் காடுகளில் பெரும்பாலான மரங்கள் மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிடும். அடைமழைக் காலத்தில் பச்சைக்குள் பச்சையாக ஒளிந்திருக்கும் செடி அப்போது வெறுங்கிளையில் தனியாகத் தெரியும். அதோடு, இங்குள்ள ஆர்க்கிடுகளில் பல பூப்பதும் பங்குனிக்கும் ஆனிக்கும் இடையில்தான்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு பூவைத் தேடுவது. பூ வருடத்தில் சில வாரம்தான் இருக்கும். செடி வருடம் முழுக்க இருக்கும். எந்த மரத்தில், எந்தக் கவட்டையில் செடி இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பூவுக்கு நாள் குறித்துப் போகலாம். ஆகவே முதலில் மரம், அடுத்து செடி, கடைசியில் பூ. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

மலைக்குப் போகுமுன்: எருக்கில் பழகுங்கள்

ஆர்க்கிட் பூவை மற்ற பூக்களிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் ஒன்று அதன் மகரந்தம். செம்பருத்தியில் போலத் தூளாக உதிராது; சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு, ஒரு பசையோடு ஒட்டியிருக்கும். வண்டு வந்தால் அந்த உருண்டை முழுசாக அதன் தலையில் ஒட்டிக்கொண்டு போகும். இதே ஏற்பாடு வேறொரு குடும்பத்திலும் உண்டு. அதுதான் நம் வீதியோர எருக்கின் குடும்பம். கையில் கிடைக்காத ஆர்க்கிடை எண்ணி ஏங்குவதற்குப் பதில், முதல் வாரம் எருக்கில் பழகுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருப்பது அதேதான். தெற்காவணி மூல வீதிப் பக்கம் விசாரித்தால் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். லென்ஸைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புருவத்தில் முட்டுகிற அளவு கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பூவை லென்ஸிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பூவை அசைக்கக் கூடாத இடத்தில் நீங்கள்தான் குனிந்து போக வேண்டும்.

எருக்கம்பூவின் நடுவில் ஐந்து மூலையுள்ள தட்டையான மேடை ஒன்று தெரியும். ஒவ்வொரு மூலையிலும் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளி. ஒரு குண்டூசி நுனியை அந்தப் புள்ளிக்குக் கீழே உள்ள பிளவில் விட்டு மேல்நோக்கி இழுங்கள். புள்ளியோடு சேர்ந்து, தராசுத் தட்டு மாதிரி இரண்டு மஞ்சள் பைகள் ஊசியில் தொங்கி வரும். அவைதான் மகரந்தத் திரள்கள். நாலைந்து பூவில் செய்து பார்த்தால் கை பழகிவிடும், ஆர்க்கிடில் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கும் தெரிந்துவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் கெட்டுப்போகும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற வரை முகத்தைத் தொடாதீர்கள்.

இந்தப் பயிற்சி எருக்கில் மட்டும். ஆர்க்கிடில் ஒருபோதும் செய்யாதீர்கள். திரளை எடுத்துவிட்டால் அந்தப் பூ மகரந்தம் கொடுக்கும் வாய்ப்பு அதோடு முடிந்தது.

ஏன் இரண்டு பேர்

தனியாகப் போகிறவர் மேலே பார்த்தால் கீழே உள்ளதை விட்டுவிடுவார், கீழே பார்த்தால் மேலே. இரண்டு பேராகப் போனால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் மரம் மட்டும் பார்க்க வேண்டும், மற்றவர் தரையும் புதரும் மட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். அண்ணாந்தே நடந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

இதில் ஒரு விதி கட்டாயம்: பைனாகுலர் கண்ணுக்குப் போனால் கால் நின்றுவிட வேண்டும். அண்ணாந்தபடி ஓரடி எடுத்து வைப்பதுதான் இந்த நடையில் ஆபத்தான செயல். சருகுக்குள் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் கிடக்கும். இரண்டும் சருகு நிறத்திலேயே இருக்கும். நகர வேண்டுமென்றால் தரை பார்க்கும் நண்பர் "வா" என்று சொன்ன பிறகு நகருங்கள்.

பார்த்ததை மற்றவருக்குக் காட்டுவதிலும் ஒரு முறை உண்டு. "அதோ, அந்தக் கிளையில்" என்று கை நீட்டினால் இருவரும் பத்து நிமிடம் வேறு வேறு கிளையைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். தூரிலிருந்து ஏறுங்கள்: "தூர், முதல் கவட்டை, இடப்பக்கக் கிளை, அது முழங்கை மாதிரி மடங்குகிற இடம், அதற்கு ஒரு சாண் மேலே." இப்படிச் சொல்லிப் பழகினால் குறிப்பு எழுதும்போதும் அதே வரியை எழுதிவிடலாம். அடுத்த வருடம் அந்தச் செடியைக் கண்டுபிடிக்க அந்த வரிதான் உதவும்.

மரத்தைப் பார்க்கும் முறை

நம் பக்கத்தில் ஆர்க்கிட் தேட வேண்டிய மரங்கள் மா, புளி, இலுப்பை, நாவல். எல்லாம் வயதானவையாக இருக்க வேண்டும். பட்டை வெடித்து, பள்ளமும் மேடுமாக இருந்தால்தான் தூசி போன்ற விதை தங்கும், பெய்த மழை கொஞ்ச நேரம் நிற்கும், வேர் பிடிக்கும். பட்டையை உரித்து உரித்து உதிர்க்கும் மரத்தில் செடி நிற்காது. தைலமரத் தோப்பிலும் கொய்யாத் தோப்பிலும் நேரத்தை வீணாக்காதீர்கள். பத்து வருட ஒட்டு மாந்தோப்பும் அப்படித்தான். பட்டை இன்னும் முதிர்ந்திருக்காது, போதாததற்கு மருந்தும் அடித்திருப்பார்கள். தாத்தா காலத்து நாட்டு மா ஒன்று ஓடைக்கரையில் நின்றால் அரை மணி நேரம் அங்கேயே செலவழிக்கலாம்.

முதலில் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாச் செடியும் கறுப்பாகத்தான் தெரியும். வெறுங்கண்ணால் மரத்தின் உருவத்தை ஒருமுறை பார்த்து, அதில் ஒட்டாமல் துருத்தும் கொத்து ஏதாவது உண்டா என்று கவனியுங்கள். பிறகு பைனாகுலரால் தூரிலிருந்து மேலே வாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று கேட்டு வாங்குங்கள்; நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: முதல், இரண்டாம் கவட்டைகள், படுக்கையாகப் போகும் பெருங்கிளையின் மேல்பக்கம், கிளை ஒடிந்து பொந்தான இடம். நுனிச் சிம்புகளில் பெரும்பாலும் இருக்காது. பிற்பகல் வெயில் நேராகக் காயும் மேற்குப் பக்கத்தைவிடக் கிழக்கிலும் வடக்கிலும் கூடுதல் கவனம் வையுங்கள். அடுத்து மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பார்த்துவிட்டு "இல்லை" என்று நகர்கிறவர்கள் இருப்பதில் பாதியை விட்டுவிடுகிறார்கள். ஒரு மரத்துக்கு மூன்று நான்கு நிமிடமாவது ஆகும். இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்திருந்தால் அது சரியான வேகம்.

கடைசியாக மரத்தடிக்கு வந்து தரையைப் பாருங்கள். உதிர்ந்த பூ, காய்ந்த பூந்தண்டு, ஒடிந்த வேர்த்துண்டு ஏதாவது கிடந்தால் மேலே செடி இருக்கிறது என்று பொருள்.

கண்டது ஆர்க்கிட்தானா?

மரத்தில் ஒட்டி வளர்வதெல்லாம் ஆர்க்கிட் இல்லை. முதலில் ஏமாற்றுவது புல்லுருவி. மாமரத்தில் வேறு நிறத்தில் கொத்தாக நிற்கும், ஆரஞ்சுக் குழாய்ப் பூ பூக்கும். அது மரக்கிளைக்குள்ளேயே புகுந்து சாற்றை உறிஞ்சுகிறது. சேரும் இடத்தில் கிளை வீங்கி முடிச்சாக இருக்கும், தண்டும் கட்டைதான். ஆர்க்கிட் அப்படியில்லை. வேர் பட்டைக்கு மேலேதான் ஊர்ந்து போகும், உள்ளே நுழையாது. மரத்திடம் அது வாங்குவது நிற்க இடம் மட்டுமே. தோட்டக்காரர்கள் இரண்டையும் ஒன்றென எண்ணி ஆர்க்கிடையும் வெட்டி எறிந்துவிடுவதுண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தால் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாகக் காட்டுங்கள். உங்கள் நடையில் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அது.

இரண்டாவது ஏமாற்று, பெரணி வகைகள். முடவாட்டுக்கால் என்று கிழங்கு விற்கிறார்களே, அதன் செடியும் மரத்திலும் பாறையிலும் தொற்றும். கிழங்கில் பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும், இலையின் அடியில் வித்துப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். ஆர்க்கிடில் இந்த இரண்டும் கிடையாது.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் வேரைப் பாருங்கள். கைக்கெட்டும் உயரத்தில் செடி இருந்தால், தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு அதன் தொங்கும் வேரில் விடுங்கள். சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துக் கிடக்கும் வேர், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு வழிந்த தடம் மட்டும் பச்சையாக மாறும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் வெலாமன் திசு என்று படித்தது இதுதான். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி உயிரற்ற செல்கள். காற்று நிரம்பியிருக்கும்போது வெள்ளையாகத் தெரியும், நீர் நிரம்பினால் கண்ணாடி போலாகி உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டும். வெயில் ஏறியதும் பழையபடி வெளுத்துவிடும்.

மரத்தில் காணக்கூடியவை

மதுரையைச் சுற்றிய வறண்ட காட்டிலும் தோப்பிலும் முதலில் தேட வேண்டியது வாண்டா டெசலேட்டா. மரவாழை என்றும் சொல்வார்கள். தண்டு ஒன்றிரண்டு அடி நீளம். இலைகள் இரு பக்கமும் விசிறி போல் அடுக்கி, நடுவில் வாய்க்கால் மாதிரி குழிந்து, வெளியே வளைந்திருக்கும். நீளம் ஒரு சாண் அளவு. இலை நுனியைக் கட்டாயம் பாருங்கள். கூராக முடியாமல், யாரோ பல்லால் கடித்து விட்டது போல் ஒழுங்கில்லாமல் இருக்கும். பூ இல்லாத நாளில் இதுவே பெரிய அடையாளம்.

பூ நாலைந்து சென்டிமீட்டர் அகலம். ஒரு தண்டில் ஐந்து முதல் பத்து வரை வரும். தூரத்தில் பார்த்தால் காய்ந்த இலை நிறம்தான், அதனால்தான் பலர் கடந்து போய்விடுகிறார்கள். பைனாகுலரில் பிடித்தால் மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும், கட்டம் போட்ட துண்டைப் பார்ப்பது போல. இதழின் முதுகு வெள்ளை. வெளி இதழ் மூன்று, உள் இதழ் மூன்று. உள்ளே மூன்றில் ஒன்று மட்டும் உருமாறி ஊதா நிற உதடாக முன்னே நீண்டிருக்கும். பூச்சி வந்து இறங்கும் திண்ணை அது. திண்ணைக்கு மேலே குட்டையான தூண் ஒன்று நிற்கும். மகரந்தம் தரும் கேசரமும் மகரந்தத்தை வாங்கும் சூல்தண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. அதன் நுனியில் தொப்பி போட்டு மூடியபடி மகரந்தத் திரள் இருக்கும். எருக்கில் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

அகாம்பே பிரேமோர்சா என்ற இன்னொரு ஆர்க்கிடின் இலையைப் பார்த்தால் வாண்டா என்றே தோன்றும். ஆனால் இலை தடித்து விறைப்பாக இருக்கும், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். பூ ஒரு சென்டிமீட்டர்தான். மஞ்சளில் செம்பழுப்புப் பட்டை, குட்டைக் கொத்தாகத் தண்டோடு ஒட்டிக்கொண்டு, முழுக்க விரியாமல் இருக்கும்.

மரப்பொந்திலிருந்து தடித்த நாடா போன்ற இலைகள் கற்றையாகத் தொங்கினால் அது சிம்பிடியம் அலோய்ஃபோலியமாக இருக்கலாம். சித்திரை, வைகாசியில் பூங்கொத்தும் ஒரு முழத்துக்கு மேல் கீழே தொங்கும். வெளிர்மஞ்சள் இதழின் நடுவில் அரக்கு நிறக் கோடு. கொஞ்சம் உயரமான, ஈரமுள்ள மலைச்சரிவுக்குப் போனால் வைகாசி, ஆனியில் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா கிடைக்கும். நரிவால் மாதிரி தொங்கும் கொத்து, வெள்ளையில் இளஞ்சிவப்புப் புள்ளி, நூற்றுக்குப் பக்கமாகப் பூக்கள். இதை மட்டும் யாரும் தவறவிட முடியாது.

தரையில் காணக்கூடியவை

கோடையில் தரையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கோடை மழைக்கு முன், கோடை மழைக்குப் பின்.

மழைக்கு முன்னால் பூத்திருப்பவை பெரும்பாலும் மரமும் புதரும்தான். பாறைக் குன்றுகளில் இலையே இல்லாமல் பெரிய மஞ்சள் பூவோடு நிற்பது கோங்கு. கொன்றை, புங்கம், மஞ்சணத்தி, மாவிலங்கம், வெட்பாலை எல்லாம் பங்குனி, சித்திரையில் வரிசையாக வரும். வேலிப் புதரில் ஆதொண்டையைத் தேடுங்கள்; நீண்ட கேசரங்கள் சிதறிய வெள்ளைப் பூ, நாள்பட்டால் சிவப்பேறும். முள் வளைந்திருக்கும், சட்டையைப் பிடித்தால் பின்வாங்கி எடுங்கள், இழுக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு நல்ல வாசனை வந்தால் காட்டுமல்லி பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தக் காலத்தில் தரையில் வியப்பானது நரிவெங்காயம். மொட்டைத் தரையில் இலை ஒன்றுமில்லாமல் ஒரு குச்சி மட்டும் இரண்டு முழம் நிமிர்ந்து நிற்கும். காலையில் பார்த்தால் மேலே மொட்டும் கீழே வாடியதுமாக இருக்கும், செத்த செடி என்று நினைத்துவிடுவோம். மாலையில் போக வேண்டும். வெளிர்பழுப்பு இதழ், ஒவ்வொன்றின் நடுவிலும் பச்சைக் கோடு, ஒரு மாலைக்குச் சில பூ மட்டும். விஷ்ணுகிரந்தி இதற்கு நேர் எதிர். சட்டைப் பொத்தான் அளவு நீலப்பூ காலையில் விரிந்து, உச்சிவெயிலுக்கு முன் சுருங்கிவிடும். ஆகவே ஒரே பாதையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

இடியோடு ஒரு நல்ல கோடை மழை பெய்துவிட்டால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் தரை ஆர்க்கிடுகள் கிளம்பும். நெர்விலியா என்ற இனத்தை நாட்டு வைத்தியத்தில் ஓரிலைத் தாமரை என்பார்கள். முதலில் பூந்தண்டு மட்டும் வரும். பூ முடிந்த பிறகே இலை, அதுவும் ஒரே ஒரு இலை, தரையோடு படுத்துக் கிடக்கும். பூவையும் இலையையும் ஒன்றாகப் பார்க்க முடியாததால் இரண்டையும் வேறு வேறு செடி என்று எழுதி வைத்துவிடுவார்கள். ஓரிதழ் தாமரை என்பது முற்றிலும் வேறு செடி; இளஞ்சிவப்பில் ஒற்றை இதழ் பெரிதாகத் தொங்கும் சின்னப் பூண்டு. பெயர் ஒத்திருப்பதால் மருந்துக்குத் தேடுகிறவர்களும் குழம்புவதுண்டு. ஈரச் சரிவுகளில் ஜியோடோரம் டென்சிஃப்ளோரம் ஆனி, ஆடியில் வரும். பூங்கொத்து தலைகவிழ்ந்து தொங்கும், காய் பிடித்ததும் அதே தண்டு நிமிர்ந்துவிடும்.

நம் மண்ணின் பூ எது, வந்தேறி எது என்று பிரித்துப் பழகுவதும் அவசியம். உண்ணிச்செடி, பார்த்தீனியம், பிரம்மதண்டு, மூக்குத்திப்பூ, சீமைக்கருவேலம் இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. கோடையில் பளிச்சென்று கண்ணில் படுவதில் பாதி இவைதான். இந்த ஐந்தையும் முதல் நாளே தெரிந்துகொண்டால் பிறகு குழப்பம் குறையும்.

எங்கே தொடங்குவது

முதல் இரண்டு வாரம் கீழக்குயில்குடி சமணர்மலை அடிவாரம், நாகமலையை ஒட்டிய கண்மாய்க்கரை போதும். இங்கே தேட வேண்டியது தரைப்பூக்களும் புதர்ப்பூக்களும்தான். மலைமேல் சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பூவுக்காக அதில் ஏறி மிதிக்காதீர்கள். பாறைத் தொங்கலில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், கூட்டுக்கு நேர்கீழே நின்று சத்தம் போடாதீர்கள்.

அடுத்து மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; மீனாட்சிபுரமும் சேர்த்து 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் கூட. பாறைச் சுனைகளின் விளிம்பு, குன்றுகளுக்கு இடையிலுள்ள நிழல் இவற்றை விடாமல் பாருங்கள். ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. அவர்களுக்குத் தெரிந்த செடிப்பெயர்கள் வேறெங்கும் கிடைக்காது.

ஆர்க்கிடுக்கு முதல் இடமாக அழகர்மலையைச் சொல்லலாம். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைக்குப் போகும் பாதையில் பழைய பெருமரங்கள் நிழல் கட்டி நிற்கின்றன. பாதையை விட்டு இறங்காமலே நாள் முழுக்கப் பார்க்க மரம் இருக்கிறது. இரு பக்கமும் காப்புக்காடு என்பதால் இறங்கவும் கூடாது. குரங்குகள் அதிகம், பாலிதீன் பை கையில் இருந்தாலே பிடுங்கும், எல்லாவற்றையும் முதுகுப்பையில் வையுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓரளவு பழகிய பிறகு சிறுமலை. ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறி, அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவு. மேலே எஸ்டேட்டுகளில் நிழலுக்கு விட்டிருக்கும் பழைய மரங்களைப் பாருங்கள். எல்லாம் தனியார் நிலம், கேட்காமல் உள்ளே போகக் கூடாது. "அண்ணே, மரத்துல ஒட்டிக்கிட்டு வளருற செடி பாக்க வந்தோம், எதையும் பறிக்க மாட்டோம், பாத்துட்டுப் போட்டோ எடுத்துட்டுப் போயிடுறோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் கூடவே வந்து காட்டுவார்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு. காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் எஸ்டேட் பாதைகளில் நடக்காதீர்கள். வத்தலக்குண்டுக்கு மேலே பண்ணைக்காடு, தாண்டிக்குடிக் காப்பித் தோட்டங்களுக்கும் இதே முறைதான். கொடைக்கானல் வரை போனால் செண்பகனூர் அருங்காட்சியகத்தின் ஆர்க்கிட் வளர்ப்பகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். காட்டில் எட்டாத உயரத்தில் இருப்பதை அங்கே கண்ணருகே பார்க்கலாம். கோடையில் போய்க் குறிஞ்சியைத் தேடாதீர்கள். நீலக்குறிஞ்சி அங்கே 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். கோடையில் தீ அபாயத்தால் பல பாதைகளை மூடியும் விடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் ஏறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ ஆள் ஓடுவதைவிட வேகமாக மேலே ஏறும். வனச்சரக அலுவலகத்தில் வேண்டாம் என்றால் அன்று கண்மாய்க்கரையோடு திருப்திப்படுங்கள்.

நேரமும் பையும்

காலை ஐந்தே முக்காலுக்கு நடக்கத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஒன்பது மணியே அதிகம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு பேருக்குமாக ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு; ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும், அரை பாக்கெட் போட்டுக் குடிப்பதில் பயனில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை, கணுக்கால் மூடும் ஷூ, தலைக்குத் துண்டு, ஒரு கம்பு. வியர்வை நின்று தலை சுற்றினால் அன்றைய நடை முடிந்தது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது.

படமும் குறிப்பும்

ஒரு செடிக்கு அழகான ஒரு படத்தைவிட அடையாளம் சொல்லும் ஆறு படம் மேல். மரத்தோடு சேர்ந்த முழுச் செடி, இலை நுனி, வேர் பட்டையில் பிடித்திருக்கும் இடம், பூ நேர்முகம், பூ பக்கவாட்டில், பூவின் முதுகு. பக்கவாட்டுப் படத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உதட்டுக்குப் பின்னால் கொம்பு மாதிரி ஒரு நீட்சி இருக்கிறதா, எவ்வளவு நீளம் என்பது அதில்தான் தெரியும். கைக்கெட்டினால் பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடியுங்கள். போன் கேமரா மெல்லிய பூவை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் கிளையைக் கூர்மையாக்கும். நண்பர் பூவுக்கு ஒரு சாண் பின்னால் உள்ளங்கையை வைத்தால் சரியாகும். வெயில் நேரே அடித்தால் அவரே குடை பிடிக்கட்டும். பிளாஷ் வேண்டாம், நிறம் பொய்யாக வரும்.

குறிப்பைப் பென்சிலில் எழுதுங்கள். வியர்வைக் கையில் பேனா மை கரையும். தேதி, நேரம், மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், எந்தத் திசை, எத்தனை செடி, மொட்டா பூவா காயா, பழைய பூந்தண்டு உண்டா. காய்ந்த தண்டு இருந்தால் அது ஏற்கெனவே பூத்த செடி, அடுத்த பருவத்திலும் நம்பிப் போகலாம். மரப்பெயர் தெரியாவிட்டால் பட்டையையும் விழுந்த இலையையும் படமெடுங்கள்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள் குடும்பம் வரை பெரும்பாலும் சரியாகச் சொல்லும், அதற்குக் கீழே அடிக்கடி தவறும். அகாம்பேயை வாண்டா என்று சொன்னால் நம்பிவிடாமல் இலை நுனியைப் பாருங்கள். பார்த்த செடிகொடி, உயிரினங்களின் படத்தைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் போடுங்கள். படத்தோடு ஊர்ப்பெயரும் வழியும் வெளியே போனால் அடுத்த வாரம் சாக்கோடு யாராவது வருவார்கள். நண்பர்களுக்கு அனுப்பும் படத்திலும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள்.

பறிக்கக் கூடாது, விழுந்து கிடந்தால்?

காப்புக்காட்டில் செடி எடுப்பது குற்றம். உலகத்து ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எடுத்து வந்தாலும் பிழைக்காது. மண் தொட்டியில் வைத்தால் காற்றுக்குப் பழகிய வேர் சீக்கிரம் அழுகும். மொட்டைமாடி வெயிலில் இலை வெந்துபோகும். விதையை எடுத்துத் தூவலாம் என்றால் அதில் உணவுச்சேமிப்பே கிடையாது. அந்தப் பட்டையில் வாழும் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும்.

கோடைச் சூறைக்காற்றில் கிளை ஒடிந்து செடியோடு தரையில் கிடப்பது அடிக்கடி நடக்கும். காட்டுக்குள் என்றால் வனக்காவலரிடம் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். தோப்பில் என்றால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு அன்றே கட்டிவிடலாம். செடியை ஒடிந்த பட்டையிலிருந்து பிய்க்காதீர்கள். வேர் பிடித்திருக்கும் பட்டைத்துண்டோடு சேர்த்து எடுங்கள். அதே மரம் இருந்தால் அதே மரம், இல்லாவிட்டால் அதே சாதி மரம். முன்பிருந்த உயரத்துக்குப் பக்கமாக, காலை வெயில் படும் பக்கத்தில் வைத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கயிறு வேர்மேல் போகலாம், குருத்தின்மேல் போகக் கூடாது. நைலானும் கம்பியும் வேண்டாம், தண்டை அறுத்துவிடும். பாசியை வைத்து மூடினால் குருத்தில் ஈரம் தங்கி அழுகும். இலைகள் நிமிர்ந்து நிற்காமல் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். விசிறிக்குள் மழைநீர் தேங்காது. மழை வரும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் மாலையில் வேரில் மட்டும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து வேர் நுனி புதிதாகப் பச்சை கட்டியிருந்தால் செடி பிடித்துக்கொண்டது. நார் தானே மக்கி விழுந்துவிடும்.